தார் ஷாம்பூவும் தாய்மாமன் மடியும்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து நேராக நிற்காது. எழுத்துப் பிழையும் இருக்கும். தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். அதற்குப் பிறகு பேனாவை அதிகம் தொட்டதில்லை. நாலு பேர் முன்னால் பேசவும் வராது. ஆனால் தோல் கிளினிக் வாசல் பெஞ்சில், தொப்பியைக் காது வரை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஆட்களைப் பார்க்கும்போதெல்லாம் ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றும். பக்கத்தில் போய்ச் சொல்லக் கூச்சம். அதனால் எழுதுகிறேன்.

பொகவந்தலாவைப் பக்கத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், ஸ்டோரில் எனக்கு வேலை. தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். தூளைச் சலித்துத் தரம் பிரிக்கும் அறையில் இருந்தேன். அங்கே தரை, இயந்திரம், எங்கள் கை எல்லாமே கறுப்பு. ஒருநாள் என் சட்டையின் தோளில் வெள்ளையாக ஏதோ உதிர்ந்து கிடந்தது. தட்டிவிட்டேன். மதியச் சாப்பாட்டுக்குள் மறுபடியும் கிடந்தது.

பொடுகு என்று நினைத்தேன். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள்.

தோட்டத்துக் கடையில் ஷாம்பூ பாக்கெட்டுகள் சரம் சரமாகத் தொங்கும். எனக்கு எது சரி என்று யாரைக் கேட்பது? பச்சைப் பாக்கெட்டில் இலைப் படம் இருந்ததால் அதை வாங்கினேன். குணம் தெரியவில்லை. நீலத்தில் குளிர்ச்சியாக இருக்கும் என்றார்கள். போட்டதும் தலை ஜில்லென்றது, ராத்திரி எரிந்தது. பிறகு கறுப்பு, பிறகு பூ வாசனை உள்ள ஒன்று. எல்லாப் பாக்கெட்டிலும் இடுப்பு வரை முடி வைத்த பெண்தான் சிரித்துக்கொண்டிருந்தாள். என்னைப் போன்ற தலை எதிலும் இல்லை.

கடைக்காரத் தம்பி ஒருநாள் எல்லோரும் இருக்கும்போது, "என்ன மாமா, வாரத்துக்கு ஒரு கலரு. மாமிக்குத் தெரியுமா இந்தச் சங்கதி?" என்றான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு வேறு தோட்டத்துக் கடைக்கு நடந்து போய் வாங்கினேன்.

செதில் தடித்துக்கொண்டே போனது. காதுக்குப் பின்னால், நெற்றி ஓரத்தில், பிடரியில் மீன் செதில் மாதிரி வெள்ளி நிறத்தில் படிந்தது. சுரண்டினால் கழன்று வரும், அடியில் சிவப்பாக ரத்தம் பூக்கும். சுரண்டாமல் இருக்கவும் முடியாது. என் மனைவி பார்வதி எலுமிச்சைச் சாறு தேய்த்துவிட்டாள். துணி துவைக்கிற சவர்க்காரமும் போட்டுப் பார்த்தேன். பொடுகுக்கு எண்ணெய் ஆகாது என்று ஒருவர் சொன்னார். காய்ந்த தலைக்கு எண்ணெய்தான் வேண்டும் என்று இன்னொருவர் சொன்னார். இரண்டு பேர் பேச்சையும் கேட்டேன்.

டீமேக்கர் ஐயா (ஸ்டோருக்குப் பொறுப்பானவர்) நல்ல மனிதர். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, தூளில் விழுந்துவிடும் என்று தயங்கித் தயங்கிச் சொல்லி, விறகுக் கொட்டிலுக்கு மாற்றினார். வீட்டில் என் சீப்பு தனி ஆணிக்குப் போனது. பார்வதி மாட்டிய அந்த ஆணியிலேயே நானும் தலை வாரிவிட்டு மாட்டினேன்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது என் தங்கச்சி செல்வி வீட்டில் நடந்தது.

செல்வியைக் கொத்மலைப் பக்கம் கட்டிக்கொடுத்திருக்கிறோம். அப்பாவும் அம்மாவும் போன பிறகு அவளுக்கு நான், எனக்கு அவள். கல்யாணமாகிப் பல வருஷம் குழந்தை இல்லாமல் இருந்து, எல்லோரும் பேசி ஓய்ந்த பிறகு ஒரு பெண் குழந்தை பிறந்தது. யாழினி என்று பெயர். தை மாதத்தில் குழந்தைக்கு முதல் மொட்டை எடுத்துக் காது குத்துவது என்று முடிவானது. எங்களில் அது தாய்மாமன் மடியில் வைத்துத்தான் நடக்கும். பார்வதிக்கும் எனக்கும் பிள்ளை இல்லை. அதனால் அந்த மடி எனக்கு வெறும் சடங்கு இல்லை.

மார்கழிக்கு முன்னால் ஒருநாள் பார்க்கப் போனேன். குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டேன். செல்வியின் மாமியார் வந்து என் கையிலிருந்து குழந்தையை வாங்கினார். உள்ளே போய் உடனே சுடுதண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டினார். அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டுப் பஸ் ஏறினேன்.

அந்த வாரமே செல்வி போனில் அழுதாள். மொட்டைக்கு என் பெரியப்பா மகன் ரமேஷை உட்கார வைக்கலாம் என்று மாமியார் சொல்கிறாராம். ரமேஷ் கொழும்பில் வேலை செய்கிறவன். நல்ல முடி.

தோலில் வருவதெல்லாம் அம்மன் சங்கதி என்று நாங்கள் நம்புகிறவர்கள். அம்மைக்கு வேண்டிக்கொள்வதைப் போல இதற்கும் வேண்டிக்கொண்டேன். தலை முடியைக் கொடுத்துவிட்டால் நோயும் அதோடு போகும் என்று தோன்றியது. தோட்டத்து மாரியம்மன் கோயிலில் மொட்டை போட்டேன். செதிலின் மேல் கத்தி ஏறி இறங்கியதில் பல இடம் கீறியது. மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசினார்கள். மனசுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

கொஞ்ச நாளில், கத்தி கீறிய கோட்டிலெல்லாம் புதுச் செதில் எழும்பியது. பாத்தி பிடித்த மாதிரி வரிசை வரிசையாக. இப்போது மறைப்பதற்குத் தலைமுடிகூட இல்லை. பீலியில் (மலை ஊற்றுத் தண்ணீர் குழாயில் வந்து விழுகிற இடம்) நான் போனால் மற்றவர்கள் வாளியை நகர்த்தி வைத்தார்கள். பார்வதிதான், "கோயிலுக்குப் போயாச்சு. இனி ஆஸ்பத்திரிக்குப் போவோம், வாங்க" என்று கூட்டிப்போனாள்.

நுவரெலியாவில் தோல் கிளினிக். வயதில் சின்ன டாக்டரம்மா, யாழ்ப்பாணத்துப் பேச்சு. கையுறை போடாமல் என் தலையைத் தொட்டுப் பார்த்தார். எனக்கு உடம்பு கூசியது. கோயிலில் மொட்டை போட்ட பிறகு யாரும் அந்தத் தலையைத் தொட்டிருக்கவில்லை. முழங்கையையும் நகங்களையும் பார்த்தார். இதுவரை என்னென்ன போட்டேன் என்று கேட்டார். சொல்லி முடிக்கப் பார்வதிக்குத்தான் தைரியம் வந்தது.

சொரியாசிஸ் (தோல் அளவுக்கு மீறிய வேகத்தில் வளர்ந்து செதிலாக உதிரும் நோய்) என்றார். பொடுகு வேறு, இது வேறு. முழுதாகப் போகாது, ஆனால் அடக்கி வைக்கலாம். காயம் பட்ட இடத்தில் புதிதாகக் கிளம்பும், அதனால்தான் கத்தி போன வழியெல்லாம் வந்தது என்றார். சுரண்டுவதும் காயம்தானாம்.

நான் கேட்க வந்தது ஒரே கேள்வி. அதுவும் எழுந்து கதவு வரை போன பிறகுதான் வாயில் வந்தது.

"டாக்டர், சின்னப் புள்ளைய மடியில வச்சிக்கிறலாங்களா?"

அவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அண்ணை, இது தொத்துற வருத்தம் இல்லை. பிள்ளையைத் தூக்குங்கோ, கொஞ்சுங்கோ. ஒண்டும் வராது."

எனக்கு விளங்காத மாதிரி நின்றேன் போல. மறுபடியும் ஒருமுறை சொன்னார்.

ஷாம்பூ பற்றி அவர் சொன்னதை எனக்குத் தெரிந்த வரையில் எழுதுகிறேன். நாம் முடிக்கு ஷாம்பூ தேடுகிறோம், தலைத் தோலுக்குத் தேட வேண்டும். எண்ணெய் வழிந்து மஞ்சளாக ஒட்டும் பொடுகு என்றால் பூஞ்சணத்தை அடக்கும் ஷாம்பூ. அந்தத் தலையில் எண்ணெயைத் தேக்கி வைத்தால் பொடுகு கூடும். என் தலைக்குத் தார் கலந்த ஷாம்பூ, அதற்கு முதல் சாலிசிலிக் அமிலம் (தடித்த செதிலை இளக்குகிற மருந்து) கலந்த களிம்பு. களிம்பு இல்லாத நாளில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவி ஊறவிட்டாலும் செதில் இளகும். மற்ற நாட்களில் வாசனை இல்லாத சாதாரண ஷாம்பூ போதும். முடி வறட்சியாக இருந்தால் தினமும் கழுவத் தேவையில்லை. கொதிக்கிற தண்ணீர் வேண்டாம், நகம் வேண்டாம், விரல் நுனி போதும். புதிய ஷாம்பூவைக் காதுக்குப் பின்னால் கொஞ்சம் பூசிப் பார்த்துவிட்டுத்தான் தலைக்குப் போட வேண்டும். இது என் தலைக்குச் சொன்னது. உங்கள் தலையை டாக்டரிடம் காட்டித்தான் முடிவெடுக்க வேண்டும்.

எல்லாவற்றையும் விட முக்கியமாக ஒன்று சொன்னார். போட்ட உடனே கழுவக்கூடாது. ஐந்து நிமிஷமாவது தலையில் நிற்க வேண்டும். நான் அதுவரை பீலிக் குளிருக்குப் பயந்து, பின்னால் நிற்பவர்களுக்குப் பயந்து, நுரை வந்ததும் கழுவிவிட்டு ஓடியவன். எந்த மருந்தும் என் தலையில் நின்றதே இல்லை.

அதற்குப் பிறகு வீட்டுக்குப் பின்னால், தகரம் மறைத்த இடத்தில் குளித்தேன். பார்வதி வெந்நீர் விளாவிக் கொடுப்பாள். எங்களுக்கு மணி பார்க்க வசதிப்படவில்லை. நான் நுரையைத் தேய்க்கும்போது அவள் அடுப்பில் சின்னக் கேத்தலை வைப்பாள். அது கொதிக்கும் வரை நான் காத்திருக்க வேண்டும். தாரின் வாசனை புதுசாக ரோட்டுப் போட்ட வாசனை. "ஒங்க தலையில பஸ் ஓடும்போல" என்றாள் ஒருநாள். வெகுநாளைக்குப் பிறகு இரண்டு பேரும் சிரித்தோம். அவள் என் சீப்பைப் பழைய ஆணிக்கு எப்போது மாற்றினாள் என்று தெரியாது.

செதில் குறைந்தது. போகவில்லை. தை நெருங்கியது.

டாக்டர் சொன்னதைச் செல்வி மாமியாரிடம் சொல்லியிருக்கிறாள். "டாக்டர் சொல்லுவாங்க. புள்ளைக்கு வந்தா டாக்டரா வந்து வளப்பாங்க?" என்று கேட்டாராம். அந்த அம்மாவின் பயம் எனக்கு விளங்கியது. காத்திருந்து கிடைத்த பேத்தி. நானே செல்வியிடம், ரமேஷ் உட்காரட்டும், நான் தள்ளி நின்று பார்க்கிறேன் என்றேன்.

அதற்குச் செல்வி, "நீங்க ஒக்காரலைன்னா மொட்டை வேணாம்ணே. புள்ளை முடியோடயே வளரட்டும்" என்றாள்.

கடைசியில் மாமியார் இறங்கி வந்தார். ஆனால் நான் தலையில் துண்டு இறுக்கிக் கட்ட வேண்டும், மடியில் புதுத் துணி விரிக்க வேண்டும். ரமேஷும் பக்கத்தில் இருக்க வேண்டும். சரி என்றேன்.

அன்று கோயிலில் கூட்டம். நான் யாரையும் பார்க்காமல் உட்கார்ந்தேன். குழந்தையை மடியில் வைத்தார்கள். உடம்பு சூடாக, கனமாக இருந்தது. தலையில் தண்ணீர் தெளித்ததும் அலற ஆரம்பித்தாள். முடி இறங்கியது. நான் அவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கத்தி அவளைக் கீறிவிடக் கூடாது என்பதைத் தவிர மனசில் வேறொன்றும் இல்லை. மொட்டை முடிகிற நேரம் அவள் கையை வீசி என் துண்டின் முனையைப் பிடித்து இழுத்தாள். துண்டு அவிழ்ந்து விழுந்தது.

ஈரமான அந்தச் சின்னத் தலையில் வெள்ளையாக உதிர்ந்தது. கொஞ்சம்தான். ஆனால் எல்லோரும் பார்த்தார்கள். மேளம் அடித்தவர் நிறுத்திவிட்டார். மாமியார், "எந்திரிக்கச் சொல்லுடி" என்று செல்வியிடம் சொன்னார். ரமேஷ் ஓர் அடி முன்னால் வந்து நின்றான். நான் குழந்தையைத் தூக்கிக் கொடுக்கக் கையை எடுத்தேன்.

செல்வி முன்னால் மண்டியிட்டாள். குழந்தையின் தலையில் மெதுவாக ஊதினாள், கண்ணில் விழுந்த தூசியை ஊதுவதுபோல. ஒட்டியிருந்ததை விரலால் துடைத்தாள். பிறகு கிண்ணத்தில் இருந்த சந்தனத்தை எடுத்துக் குழந்தையின் தலை முழுக்கப் பூசினாள். கையில் மிச்சம் இருந்தது.

"தலையக் குனிங்கண்ணே" என்றாள்.

நான் குனியவில்லை. என் பிடரியில் கைவைத்து அவளே குனிய வைத்தாள். மிச்சச் சந்தனத்தை என் தலையில், செதில் இருந்த இடத்தில் தடவினாள். அவசரப்படாமல் தடவினாள். காது குத்த வந்தவர் பக்கத்தில் வந்து, "அப்ப, காது குத்திருவோமுங்களா?" என்று கேட்டார். மாமியார் என்னைப் பார்க்கவில்லை. ஆனால் குழந்தை கையில் கொடுக்க வைத்திருந்த வாழைப்பழத்தை உரித்து என்னிடம் நீட்டினார். நான் ஊட்டினேன். அப்படியே என் மடியில் வைத்துக் காது குத்தினார்கள்.

குழந்தைக்கு ஒன்றும் வரவில்லை. அந்த அம்மா இன்னும் என் பக்கத்தில் உட்காருவதில்லை. ஆனால் நான் போனால் யாழினியை என்னிடமிருந்து வாங்குவதும் இல்லை.

எனக்கு நோய் மறுபடி வந்தது. மழை மாதத்தில் கூடும், வெயிலில் குறையும். ஸ்டோர் வேலையும் இன்னும் திரும்பக் கிடைக்கவில்லை. முன்பெல்லாம் தலை என்று ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. இப்போது காற்று மாறுவதைத் தலைதான் முதலில் சொல்கிறது. குணமாகும் நாளை நினைத்து உட்கார்ந்திருப்பதை விட்டுவிட்டேன்.

தகரத்துக்குப் பின்னால், நுரையோடு, கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறேன். முதலில் அந்த நேரம் போகவே போகாது. இப்போது அதுதான் நாளில் யாருக்கும் பயப்படாமல் நான் நிற்கிற நேரம். செல்வியின் விரல்கள் போன இடம் எல்லாம் தலைக்குத் தெரிகிறது. உள்ளேயிருந்து பார்வதி, "கொதிச்சிருச்சுங்க" என்கிறாள். இன்னும் கொஞ்சம் நின்றுவிட்டுக் கழுவுகிறேன்.

எழுதி முடித்தது: அடுத்த வருஷம், தைப்பூசத்துக்கு மறுநாள், மத்தியானம், மழை.