மாமாவின் ஷூவை மாற்றிய என் வாய்

பள்ளிக்கூடம் என்னை ஐந்து வருடம்தான் தாங்கியது. இப்போது டெல்லி துவாரகாவில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் லிஃப்ட் மெக்கானிக். இமயமலையில் ஐம்பது கிலோமீட்டர் ஓட நானும் என் அக்கா கணவரும் பெயர் கொடுத்திருந்தோம். டெல்லியில் மலைக்கு எங்கே போவது? அந்தக் குடியிருப்பின் பதிமூன்று மாடிப் படிகளையே ஏறி இறங்கிப் பழகினோம். லிஃப்ட்காரன் படியில் ஓடுவதைப் பார்த்துக் குடியிருப்பே சிரித்தது.

முன்பு செருப்பில்லாமல் கட்டட வேலை பார்த்து உரமேறிய கால் எனக்கு. அதனால் வெறுங்கால் போலவே இருக்கும் மெல்லிய ஷூவில் ஓடினேன். மாமாவுக்குத் தடித்த ஷூ.

"என்ன மாமா, காலுக்கு மெத்தை போட்டுத் தூங்கப் போறீங்களா?" என்று தினமும் கிண்டலடித்தேன். ஓட்டத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது அவருக்கு ரோஷம் வந்து, மெல்லிய ஷூவுக்கு மாறினார்.

நான்காம் நாளே, "பாதம் வலிக்குதுடா" என்றார்.

"அச்சா, புதுசுல அப்படித்தான். ஜல்தி ஏறுங்க மாமா!"

என்னை நம்பி ஏறினார். பத்தே நாளில் பாத எலும்பில் விரிசல்.

நான் மட்டும் மலைக்குப் போய் ஓடி முடித்தேன். பதக்கத்தை நீட்டியபோது, "நல்லாருக்குடா" என்று திருப்பிக் கொடுத்தார். அக்காதான் வாசல்வரை வந்து, "ரெண்டு வருஷமா அந்த மலை ஓட்டத்தோட நெனப்பாவே இருந்தாருடா. இனிமே அவர ஓடக் கூப்பிடாத" என்றாள்.

எலும்பு கூடிவிட்டது. மாமா ஓட வரவில்லை.

இப்போதெல்லாம் மெல்லிய ஷூவைப் பற்றி யார் கேட்டாலும், "மொதல்ல வீட்டுக்குள்ள பத்து நிமிஷம் நடங்க, மாசக்கணக்குல பழகுங்க" என்கிறேன். கூட ஓடுகிறவர் வலிக்கிறது என்றால் அந்தப் படியிலேயே நின்றுவிடுவேன். வலிக்கிறது என்று சொல்லத்தான் இப்போது பக்கத்தில் யாரும் ஓடுவதில்லை.