பதினொரு நூல் கட்டிய பாட்டில்

2003ஆம் ஆண்டு மார்ச் 14, வெள்ளிக்கிழமை, மாலை நான்கு மணி பத்து நிமிடம். மழை நின்று இருபது நிமிடம் ஆகியிருந்தது. வெயில் இல்லை, காற்றும் இல்லை, சட்டை முதுகோடு ஒட்டிக்கிடந்தது. செஷல்ஸ் நாட்டின் மாஹே தீவில், விக்டோரியா நகரத்துக் கடையொன்றில், ஒயின் அலமாரிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன். அறுபத்தாறு வயது வரை ஒரு சொட்டு குடித்தறியாத கோவில்பட்டிக் கணக்கு வாத்தியார் நான். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஒவ்வொரு பாட்டிலாகத் திருப்பி லேபிளைப் பார்த்தேன். மொத்தம் நாற்பத்தொரு பாட்டில்கள். அதில் முப்பத்தெட்டு ஒரே சரக்கு. மிச்சம் மூன்றில் இரண்டு வெள்ளை, ஒன்று மூடி கசிந்தது. நான் தேடியது சிவப்பு ஒயின். லேபிளில் ஒரு கல் கோபுரமும் அதன் உச்சியில் இரண்டு கொக்குகளும் இருக்கும். பதினேழு நாளுக்குள் அது என் கைக்கு வந்தாக வேண்டும். மார்ச் 31 அன்று என் மனைவி குருவம்மாள் இறந்து ஒரு வருடம்.

நம்மூரில் ஒயின் ஷாப் என்று போர்டு மாட்டிய கடையில் ஒயினைத் தவிர மற்றதெல்லாம் கிடைக்கும். அதனால் இந்தச் சாமானைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. கடைப் பெண் பக்கத்தில் வந்து ஆங்கிலத்தில், "மீனுக்கா, கறிக்கா?" என்று கேட்டாள். இரண்டுக்கும் இல்லை, இறந்துபோன என் மனைவிக்கு என்றேன். அவள் முகம் மாறிவிட்டது. நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். கையைப் பிடித்து அழைத்துப்போய், மெழுகுவர்த்தி வைத்திருந்த அலமாரியின் முன் என்னை நிறுத்தினாள். அவள் மனம் நோகக்கூடாதென்று கோபுரத்தையும் கொக்கையும் விவரித்துக் கேட்டேன். "நாப்பா" என்றாள். கிரியோல் மொழியில் இல்லை என்று அர்த்தம். அந்தத் தீவில் ஏழு வருடம் இருந்தவன் நான். அரிசிக்கு, பருப்புக்கு, பல்புக்கு, பவுடருக்கு எத்தனை நாப்பா கேட்டிருப்பேன் என்று கணக்கு வைக்கவில்லை. டாலர் தட்டுப்பாடு வந்தபின் கப்பலில் வருவது பாதியாகக் குறைந்துவிட்டது. ஆனால் அன்று கேட்ட நாப்பாவை நம்பாமல், அந்த நாற்பத்தொன்றையும் இன்னொரு தடவை திருப்பிப் பார்த்தேன்.

கரிசல்காட்டில் எங்கள் வகையறாவில் செத்தவர்களைப் புதைப்பதுதான் வழக்கம். வருடம் திரும்பியதும் படையல் வைப்போம். உயிரோடு இருந்தபோது அவர்களுடைய நாக்கு எதைக் கேட்டதோ அதை வைக்க வேண்டும். ஆடு மேய்த்த என் அப்பாவுக்குச் சாராயமும் சுருட்டும். அவருடைய முதல் படையலின்போது நான் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதமே ஆன வாத்தியார். சாராயம் வாங்கப் போனால் மரியாதை போய்விடும் என்று பயந்து, பால் விடாத கருப்பட்டிக் காப்பியை ஆறவைத்துப் பாட்டிலில் ஊற்றி இலையில் வைத்தேன். அம்மா மோந்து பார்த்தாள். "ஏலே, செத்தவுகளுக்கு நாக்கு கிடையாதுன்னு உனக்கு எந்தப் பள்ளிக்கூடத்துல சொல்லிக்கொடுத்தான்?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். முதல் தடவை என்பதால் மன்னித்துவிட்டார்கள்.

ஓய்வு பெற்ற மறுவருடம், 1996இல், அந்தத் தீவுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்க ஒப்பந்தத்தில் போனோம். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. குருவம்மாளுக்குத் தீவில் முதல் ஆறு மாதம் ஒரே ஆச்சரியம்தான். கோவில்பட்டியில் எட்டு நாளைக்கு ஒரு தடவை வருகிற குழாய்த் தண்ணீரை ஒன்பது குடத்தில் பிடித்து, ஒவ்வொரு குடத்துக்கும் ஒரு நாளை ஒதுக்கி, ஒன்றைக் கைகாவலாக வைத்து வாழ்ந்தவள் அவள். அங்கே சன்னலுக்கு வெளியே தண்ணீர் சும்மா ஓடியது. "இம்புட்டும் கடலுக்கா போவுது?" என்று வாசலில் நின்று கேட்பாள். பிறகு அந்த ஈரம் அவளுக்கு ஆகவில்லை. துணி காயவில்லை என்றும் மிளகாய் வற்றல் பூசணம் பூத்துவிட்டது என்றும் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

2001 கிறிஸ்துமஸ் அன்று பக்கத்து வீட்டு மதாம் லூசியான் எங்களைக் கூப்பிட்டார். தபால் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற விதவை. கொக்குப் படம் போட்ட பாட்டிலை அங்கேதான் முதலில் பார்த்தேன். நான் பழரசம் குடித்தேன். குருவம்மாள் மரியாதைக்காக ஒரு வாய் வைத்தாள். ஒரு கணம் கண்ணை மூடினாள். "ஏங்க, நாவப்பழம் தின்ன மாதிரி இருக்கு" என்று என் காதில் சொல்லிவிட்டுச் சிறுபிள்ளை போலச் சிரித்தாள். அரை கிளாஸ் குடித்தாள். அடுத்த ஜனவரியில்தான் அவள் வயிற்றில் கட்டி இருப்பது தெரிந்தது. மார்ச்சில் கஞ்சியும் தங்கவில்லை. ஒரு நாள் சாயங்காலம், "அந்த நாவப்பழத் தண்ணி ஒரு வாய் கிடைக்குமா?" என்று கேட்டாள். கல்யாணமான முப்பத்தொன்பது வருடத்தில் எனக்கு இது வேண்டும் என்று அவள் வாய் திறந்து கேட்டது மொத்தம் மூன்று தடவை. இது மூன்றாவது.

கடைக்குப் போனேன். அப்போது அந்தப் பாட்டில் அலமாரியில் இருந்தது. விலை இருநூற்று அறுபது ரூபாய். பக்கத்தில் அட்டைப்பெட்டியில் அடைத்த ஒயின் ஒரு லிட்டர் நாற்பத்தெட்டு ரூபாய். இரண்டும் சிவப்பு. மருத்துவச் செலவு இன்னும் எவ்வளவு ஆகுமோ என்ற பயம் எனக்கு. பயம் என்று இப்போது எழுதுகிறேன், அது பழக்கமும்தான். மதாமிடம் எண்ணெய் ஊற்றி வைக்க என்று சொல்லி, கிறிஸ்துமஸ் பாட்டிலின் காலிக் கூட்டை வாங்கினேன். அட்டைப்பெட்டி ஒயினைப் புனல் வைத்து அதில் ஊற்றினேன். கட்டைவிரலில் பட்டதை நக்கிப் பார்த்தேன். புளியைக் கரைத்துச் சீனி போட்ட மாதிரி இருந்தது. இதில் எல்லாம் ஒன்றுதான், அவளுக்கு எங்கே தெரியப்போகிறது என்று நினைத்தேன்.

எவர்சில்வர் தம்ளரில் ஊற்றிக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்தாள். பாட்டிலில் இருந்த கொக்கைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "நல்லாருக்கு. எதுக்கு இம்புட்டுத் துட்டப் போட்டு வாங்குதீங்க?" என்றாள். மிச்சத்தை ஒரே நாளில் தீர்த்துவிடக் கூடாது என்று, தலையணை உறையிலிருந்து ஒரு நூலை உருவி, ஒயின் நிற்கிற மட்டத்தில் பாட்டிலைச் சுற்றிக் கட்டினாள். தினம் ஒரு வாய், தினம் ஒரு நூல். சாயங்காலம் ஆறு மணிக்குக் கட்டிலில் இருந்தபடி, "இன்னும் எம்புட்டு இருக்கு?" என்று கேட்பாள். தண்ணீர்க் குடத்தைக் கேட்கிற அதே குரல். நான் பாட்டிலைத் தூக்கிக் காட்டுவேன். நாலாம் நாளே அது புளித்து மூக்கைக் குத்தியது. அப்போதும் ஒரு வாய் வாங்கிக் குடித்தாள். பதினொரு நூலோடு நின்றுபோனது. தீவின் ஈரச் செம்மண்ணில் அவளைப் புதைத்தோம். குழி தோண்டத் தோண்டத் தண்ணீர் ஊறியது.

அதன்பிறகு தினமும் ஆறு மணிக்கு, மழை இருந்தாலும் இல்லாவிட்டாலும், அடுப்படிப் பக்கமிருந்து அந்தக் கேள்வி வந்தது. எனக்கு மூளை கலங்கவில்லை. அன்றன்றைக்கு வகுப்பில் பின்னக்கணக்கு பிசகாமல் போட்டேன். கேள்விதான் நிற்கவில்லை. காலிப் பாட்டிலை நான் தூக்கிப் போடவும் இல்லை. ஒன்றுமில்லை குருவு, ஒன்றுமில்லை என்று சொல்லிப் பார்த்தேன். வருடப் படையலுக்கு உண்மையான பாட்டிலை வைத்தாக வேண்டும் என்று முடிவு செய்தேன். படைக்க என்னைத் தவிர அவளுக்கு வேறு யாரும் இல்லை. ஏப்ரலில் என் ஒப்பந்தமும் முடிகிறது.

விக்டோரியாவில் மளிகைக் கடை வைத்திருந்த தங்கராசு அண்ணாச்சிக்குப் புதியம்புத்தூர்ப் பக்கம். தீவில் நம்மூர்ப் பேச்சுக் கேட்கிற இடம் அந்த ஒரு கடைதான். சாமான் இன்னதென்று சொன்னதும் தராசுத் தட்டைக் கீழே வைத்துவிட்டார்.

"என்ன சார்வாள், பல்லு விழுந்த பொறவு பக்கோடா கேக்குதீங்க?"

"எனக்கில்ல அண்ணாச்சி. படையலுக்கு."

"அக்காவுக்கா?" அவர் சிரிப்பு நின்றுவிட்டது. "அவிய அதெல்லாம் தொட்டவிய இல்லையே."

"கடைசில தொட்டா."

"ஏதாவது ஒரு செவப்ப வாங்கி வைங்க சார்வாள். சாமிக்குத் தெரியாததா? இங்கன கற்பூரத்துக்கே வழியில்ல, நான் மெழுகுவர்த்தியக் கொளுத்திக் கும்பிடுதேன்."

ஏதாவது ஒரு சிவப்பு. அந்த வார்த்தைக்கு மேல் என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

ஆறு தடவை விக்டோரியா போய்வந்தேன். ஒன்பது கடைகள். மாதா கோயில் அலுவலகத்தில் பூசைக்கு வைத்திருக்கிற ஒயினை விற்பதில்லை என்றார்கள். மதாமைக் கேட்டிருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். ஆனால் கேட்டால், எண்ணெய்க்கு என்று வாங்கிய பாட்டிலைப் பற்றிச் சொல்ல வேண்டிவரும். மார்ச் 27 அன்று வேறு வழியில்லாமல் அவர் வீட்டுக் கதவைத் தட்டினேன். பாட்டில் பற்றி மட்டும் கேட்டேன், மற்றதைச் சொல்லவில்லை. அது பொ வலோன் கடற்கரை ஓட்டலிலிருந்து தன் மருமகன் கொண்டுவந்தது என்றார். பிறகு, "உங்கள் மனைவி படுத்திருந்தபோது நான் ஒரு பாட்டில் கொண்டுவந்தேன். நீங்கள் பள்ளியில் இருந்தீர்கள். அலமாரியில் இருந்த பாட்டிலைக் காட்டி, கையை ஆட்டி, திருப்பி அனுப்பிவிட்டாள்" என்றார். எத்தனையாவது நூலின்போது என்று அவரிடம் எப்படிக் கேட்பது?

மறுநாள் லீவு சொல்லிவிட்டு ஓட்டலுக்குப் போனேன். மதியம் பன்னிரண்டு நாற்பது. பாட்டிலைத் தனியாக விற்பதில்லை, சாப்பிட உட்கார்ந்தால் மேசைக்கு வரும் என்றார்கள். இரண்டு பேர் உட்காரும் மேசை கொடுத்தார்கள். "இன்னொருவர் வருகிறாரா?" என்று பரிமாறுகிறவர் கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். எதிரே ஒரு கிளாஸ் வைத்தார். கோபுரமும் இரண்டு கொக்கும் வந்தன. என்ன செய்கிறார் என்று நான் சுதாரிப்பதற்குள் மூடியைத் திருகி இழுத்துவிட்டார். என் கிளாஸில் ஒரு வாய் ஊற்றி, ருசி பார்க்கச் சொல்லிக் காத்துநின்றார். ஒயின் வாங்குகிறவன் முதலில் குடித்து, சரி என்று தலையாட்ட வேண்டும், அது அவர்கள் முறை. படையல் சாமான் செத்தவர்களுக்கு முன்னால் யார் வாயிலும் படக்கூடாது, இது எங்கள் முறை. "வேண்டாம், வேண்டாம்" என்று இரண்டு கையையும் ஆட்டினேன். ஒயின் கெட்டிருக்கிறது என்று நான் சந்தேகப்படுவதாக அவர் எடுத்துக்கொண்டார். சின்னக் கிளாஸில் தனக்கு ஊற்றி, உறிஞ்சி, நாக்கில் உருட்டி விழுங்கிவிட்டு, "மிக நன்றாக இருக்கிறது, ஐயா" என்று சிரித்தார். பாட்டில் எச்சிலாகிவிட்டது. எழுநூற்று இருபது ரூபாய்.

இனி என்ன என்று, எனக்கு ஊற்றியதை எடுத்துக் குடித்தேன்.

நாவல்பழம். எங்கள் ஓடைக்கரையில் ஆடிமாதம் விழுகிற பழத்தின் அதே துவர்ப்பு, தின்று முடித்த பின்னும் நாக்கில் நிற்கிற அதே பிடிப்பு. நான் கட்டைவிரலில் நக்கியதற்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை. வித்தியாசம் தெரிய ஒயின் குடித்துப் பழகியிருக்க வேண்டியதில்லை. நாக்கு இருந்தால் போதும். அவளுக்கு முதல் வாயிலேயே தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் நல்லாருக்கு என்று சொன்னாள். தெரிந்துதான் நூல் கட்டினாள். நல்லது வாசலுக்கு வந்தபோது, வாங்கினால் என் திருட்டு வெளியே வந்துவிடும் என்று கையை ஆட்டி அனுப்பியிருக்கிறாள். எதிர் நாற்காலியைப் பார்க்க முடியவில்லை. மேலாளரிடம் போய், மூடி திறக்காத இன்னொரு பாட்டில் வேண்டும், என் மனைவியின் சமாதிக்கு என்றேன். இருப்பில் இன்னும் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது என்றார். காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார்.

மார்ச் 31, திங்கட்கிழமை, அவள் சமாதி முன்னால் இலை போட்டு, தம்ளரில் ஊற்றிப் படைத்தேன். தூறிக்கொண்டே இருந்தது. கும்பிட்டு எழுந்து தம்ளரை மண்ணில் கவிழ்த்தேன். அந்த மண் ஏற்கனவே வயிறு முட்டக் குடித்த மண். ஒயின் இறங்கவில்லை, சிவப்பாகத் தேங்கி நின்றது, மழைத்துளி விழ விழ வெளுத்தது. பாதிப் பாட்டிலை மூடி எடுத்துக்கொண்டேன். அவளுடைய சேலையில் சுற்றிப் பெட்டியில் வைத்து, ஏப்ரல் மூன்றாம் வாரம் கோவில்பட்டி வந்து சேர்ந்தேன்.

எட்டயபுரம் பஸ்ஸில் போய், வழியில் இறங்கி, அவள் பிறந்த வீட்டுக் கரிசல் புஞ்சைக்கு நடந்தேன். பருத்திமார் பிடுங்கிய வெறும் காடு. வெயிலுக்கு நிலம் பாளம் பாளமாக வெடித்திருந்தது. முழங்கை வரை உள்ளே விடலாம். மூடியைத் திறந்ததும் மூக்கில் ஏறியது. புளித்திருந்தது. கொண்டுவரும்போதே தெரியும். இந்தத் தடவை வாய்விட்டுச் சொன்னேன். "குருவு, இது புளிச்சுப்போச்சு. நல்லது அங்கன ஊத்தியிருக்கேன். அப்பக் கொடுத்ததும் நல்லது இல்ல." வெடிப்பில் ஊற்றினேன். சத்தம் வரவில்லை, ஈரம்கூடத் தெரியவில்லை. அவ்வளவையும் மண் வாங்கிக்கொண்டது.

இங்கே வந்தபின் ஆறு மணிக்கு அந்தக் குரல் கேட்பதில்லை. நிம்மதி என்று நினைத்தேன், இல்லை. ஊருக்குத் திரும்பியவன் நான் ஒருவன்தான். அவள் தீவில் நிரந்தரமாகக் குடியேறிவிட்டாள். பூட்டிய அந்த வீட்டில், ஓடுகிற தண்ணீருக்கு நடுவே, இன்னும் எம்புட்டு இருக்கு என்று தினமும் கேட்டுக்கொண்டிருப்பாள். பாட்டிலைத் தூக்கிக் காட்ட அங்கே ஆள் இல்லை. பாட்டில், பதினொரு நூலோடு, என் அலமாரியில் இருக்கிறது.

கணக்கு எழுதி வைத்திருக்கிறேன். இரண்டு பாட்டில் ஆயிரத்து நானூற்று நாற்பது, ஓட்டல் சாப்பாடு நூற்று எண்பத்தைந்து, ஏழு தடவை பஸ் நாற்பத்திரண்டு, முதல் அட்டைப்பெட்டி நாற்பத்தெட்டு. இங்கே எட்டயபுரம் பஸ், போகவர பன்னிரண்டு. இரண்டு நாட்டுப் பணத்துக்கும் ரூபாய் என்றுதான் பெயர், ஆனால் ஒன்றாகக் கூட்ட முடியாது. அதனால் தனித்தனியாகவே எழுதியிருக்கிறேன். அங்கே ஆயிரத்து எழுநூற்றுப் பதினைந்து ரூபாய். இங்கே பன்னிரண்டு ரூபாய்.