நாற்பத்தைந்து நிமிஷ ‘இப்ப’

கடிதம் மலாய் மொழியில் இருந்தது. வேலாயுதம் மகள் வீரம்மா, சுத்தமில்லாத கையாலும் கவனக்குறைவாலும் பூனை வைரஸ் சோதனையைப் பாழாக்கியதற்கு ஏழு நாளில் காரணம் காட்ட வேண்டும். தவறினால் செல் வளர்க்கும் அறையிலிருந்து பழையபடி பாட்டில் கழுவும் அறைக்குப் போக வேண்டும். கீழே டாக்டர் ராதாகிருஷ்ணனின் கையெழுத்து. படித்து முடித்ததும் வீரம்மாவுக்கு உச்சந்தலை வரை எரிந்தது.

“என் கை அழுக்காம்! இருபத்தோரு வருஷமா அழுக்காகாத கை, இவரு வந்த ஆறு மாசத்துல அழுக்காயிருச்சா?” என்று காலி அறையைப் பார்த்துக் கத்தினாள்.

செந்தூல் ரயில் பட்டறை பிட்டரின் மகள் அவள். தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு. எழுபத்தைந்தில் அந்தக் கால்நடை ஆய்வுக்கூடத்தில் பாட்டில் கழுவச் சேர்ந்தாள். பதினோரு வருஷம் கழுவினாள். ஒருநாள் ஆள் இல்லையென்று பூனைச் சிறுநீரகச் செல்களுக்குத் தீனி மாற்றச் சொன்னார்கள். அவள் கை பட்ட பிளாஸ்க் குப்பியில் செல் செழித்தது, மற்றவர்கள் வளர்த்தது பாதி செத்தது. அதன்பிறகு அவளை அந்த அறையை விட்டு யாரும் நகர்த்தவில்லை. இங்கிலீஷில் எழுத வராது என்பதால் தன் நோட்டில் எல்லாவற்றையும் தமிழில் எழுதுவாள், மணி போட்டு எழுதுவாள்.

தொண்ணூற்றாறில் வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர் ராதாகிருஷ்ணன். பூனைகளுக்கு வரும் கோரோனா வைரஸ்தான் அவர் ஆராய்ச்சி. பல பூனைகளுக்கு அது வெறும் வயிற்றுப்போக்கோடு போய்விடும். சிலவற்றுக்கு வயிற்றில் நீர் கோத்து உயிரையே எடுத்துவிடும். வைரஸ் தானாகப் பெருகாது. செல்லின் மேலிருக்கும் ஒரு புரதத்தைப் பிடித்து உள்ளே நுழையும். நுழைந்தபின் அந்தச் செல்லின் புரதங்களையே வேலை வாங்கித் தன்னைப் பெருக்கிக்கொள்ளும். எந்தச் செல்லில் எவ்வளவு பெருகுகிறது என்று பார்க்கத்தான் அந்தச் சோதனை. ஒரு பிளாஸ்கிலும் பெருகவில்லை. முடிவைச் சொல்ல வேண்டிய கருத்தரங்கு நெருங்கியது. பழியைத் தூக்கி வீரம்மா தலையில் போட்டுவிட்டார்.

நடந்தது இதுதான். பிளாஸ்கின் அடியில் ஒட்டியிருக்கும் செல்லைப் பெயர்க்க, புரதத்தை அறுக்கும் டிரிப்சின் திரவத்தை ஊற்றுவார்கள். இரண்டு நிமிஷம், அதற்குமேல் கூடாது. அன்று அவரே ஊற்றினார். உடனே போன் வந்தது.

“அக்கா, தொடாதீங்க. இப்ப வந்துர்றேன் லா” என்று சொல்லிவிட்டுப் போனார்.

நம்மவர்களின் ‘இப்ப’ எவ்வளவு நீளம் என்று யாருக்குத் தெரியாது? நாற்பத்தைந்து நிமிஷம் கழித்து வந்தார். வந்தவர், செல்லை ஓர் இரவு ஓய்வாக விடவும் இல்லை. அவசரமாகக் கழுவி, வைரஸை ஊற்றி, ஒரு மணி நேரத்தில் வடித்துவிட்டார். தொடாதே என்றதால் தொடாமல் நின்ற தன் மீதும் வீரம்மாவுக்குக் கோபம்தான். நின்றாளே தவிர, எழுதிவிட்டாள்.

நேராக ஆய்வுக்கூடத் தலைவி மார்க்கிரட்டின் அறைக்குப் போனாள். ராதாகிருஷ்ணனும் அங்கே இருந்தார். நோட்டை மேசைமேல் ஓங்கி வைத்தாள்.

“நீங்களே படிங்க, டாக்டர்.”

அவர் புரட்டிப் பார்த்தார். தமிழ் பேசுவாரே தவிர, ஓர் எழுத்து படிக்க வராது. காது சிவந்தது.

“அப்ப நானே படிக்கிறேன். பத்து இருபது, டாக்டர் டிரிப்சின் ஊத்துனாரு. ‘இப்ப வந்துர்றேன்’னாரு. பதினொன்னு அஞ்சு, வந்தாரு.”

“எப்ப வேணும்னாலும் இப்படி எழுதிக்கலாம், மேடம். திஸ் இஸ் நாட் எவிடன்ஸ்.”

“பொய் எழுதறவளா நானு?” வீரம்மா மார்க்கிரட் பக்கம் திரும்பினாள். “மேடம், மூணு பிளாஸ்க் குடுங்க. நான் காட்டுறேன்.”

மார்க்கிரட் யாழ்ப்பாணக் குடும்பம். குரலை உயர்த்திப் பேசுகிறவரல்ல. “செய்யும், வீரம்மா. நானே பக்கத்தில நிண்டு பாக்கிறன்” என்றார்.

முதல் பிளாஸ்கில் இரண்டு நிமிஷம் டிரிப்சின். இரண்டாவதில் நாற்பத்தைந்து. மூன்றாவதிலும் நாற்பத்தைந்து, ஆனால் முந்தின நாளே ஊற்றி, கழுவி, தீனி போட்டு, இரவு முழுக்க விட்டுவைத்தது. மூன்றுக்கும் ஒரே அளவு வைரஸ், ஒரு மணி நேரம். முடிவு தெரிய மூன்று நாள். வேலை முடிந்து பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக்குப் போகும் மினி பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு வீரம்மா அந்த ஆளை மனசுக்குள் திட்டித் தீர்த்தாள்.

மூன்றாம் நாள் மார்க்கிரட் மைக்ராஸ்கோப்பில் குனிந்தார். முதல் பிளாஸ்கில் வைரஸ் பெருகி, செல்லெல்லாம் ஓட்டை ஓட்டையாகச் செத்துக் கிடந்தது. மூன்றாவதும் அப்படியே. இரண்டாவது மட்டும் ஒரு கீறல் இல்லாமல் விரித்த பாய் மாதிரி இருந்தது.

“டிரிப்சின்ல ரொம்ப நேரம் ஊறுனா, வைரஸ் பிடிக்கும்னு நீங்க சொல்வீங்களே, அந்தப் புரதம் அறுந்துடுது. பிடிக்க ஒன்னும் இல்லன்னா வைரஸ் எப்படி நுழையும்? ஒரு ராத்திரி விட்டா செல்லு அத மறுபடி வளத்துக்குது” என்றாள் வீரம்மா. “இது என் கை அழுக்கா, டாக்டர்?”

ராதாகிருஷ்ணன் மைக்ராஸ்கோப்பில் குனிந்து வெகுநேரம் பார்த்தார். எழுந்தபோது முகமெல்லாம் சிரிப்பு.

“அக்கா, திஸ் இஸ் பியூட்டிபுல்! அந்தப் புரதம் எவ்வளவு முக்கியம்னு இதுலயே தெரியுது. இத வச்சே நான் பேப்பர் எழுதலாம். உங்க நோட்ட குடுங்க, ஒரு காப்பி எடுத்துக்கறேன்.”

அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மன்னிப்பு என்று ஒரு வார்த்தை உண்டா? கடிதம் என்ற ஒன்றை அனுப்பியதாவது ஞாபகம் இருக்கிறதா? வீரம்மா நோட்டை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

“மொதல்ல எம் ஆபீஸ் பைல்ல இருக்கற அந்த லெட்டர எடுங்க.”

“ஓ, அதுவா? அத இப்ப எடுத்துர்றேன் லா.”

வீரம்மா நோட்டை விரித்தாள். பேனா மூடியைக் கழற்றினாள். சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்து, டாக்டருக்குப் படிக்க வராத எழுத்தில் மூன்று பத்து என்று எழுதினாள்.

“எழுதிட்டேன், டாக்டர். போங்க. நான் இங்கயே நிக்கறேன்.”