கொடுத்தவர் கிளம்பிய பிறகு

என் தங்கை கண்ணாடிக் கடையின் பின்னறையில் பத்தொன்பது வருடமாக லென்ஸ் தேய்க்கிறாள். கடையில் அவளுக்குப் பவரம்மா என்று பெயர். தெருவில் யாராவது கோணல் கண்ணாடியோடு எதிரே வந்தால் போதும், இவளுக்குக் கை பரபரக்கும். இரண்டு முறை முன்பின் தெரியாத ஆட்களை நிறுத்தி, மூக்கிலிருந்து கழற்றி, கம்பியை நிமிர்த்தி மாட்டிவிட்டிருக்கிறாள். பக்கத்தில் நின்ற என் மானம்தான் கப்பலேறியது.

முப்பத்தொன்பது வயதில்தான் கல்யாணம் பண்ணிக்கொண்டாள். மாப்பிள்ளை, உடைந்த மூக்குக்கண்ணாடியை ஒட்ட வந்த பஸ் டிரைவர். முதல் மனைவி இறந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. ஒன்பது வயதில் ஒரு பெண். எட்டு மாதமாக அந்தப் பெண் என் தங்கையை எந்த முறை சொல்லியும் கூப்பிட்டதில்லை. "இங்க பாருங்க", "உங்களைத்தான்", அவ்வளவுதான். மரியாதைக்குக் குறைச்சல் இல்லை. அந்த மரியாதைதான் இவளை அறுத்தது.

இதற்கு நடுவில் அந்தப் பெண்ணின் சித்தி, அதாவது இறந்தவளின் தங்கை, போன் பண்ணினாள். "கிறிஸ்துமஸுக்கு வரேன் அத்தான். புள்ள அங்க ஒட்டலைன்னா என்கூடவே கூட்டிட்டுப் போயிடறேன். என் பசங்களோட வளரட்டும்." டிரைவர் "சரி" என்றார். அந்த மனிதருக்கு எதற்கெடுத்தாலும் "சரி"தான். அன்று ராத்திரி தங்கை எனக்குப் போன் பண்ணி, "அக்கா, நீயும் வந்துடு. எனக்குப் பயமா இருக்கு" என்றாள்.

எங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ் ஒரு சந்தைக்கடை. டிசம்பர் முதல் தேதியே மரம் ஏறிவிடும், ஜனவரி பாதி வரைக்கும் இறங்காது. பரிசு கொடுத்தால் அந்த இடத்திலேயே பிரிக்க வேண்டும். சுற்றி நின்று கத்துவோம். யோசித்துக்கொண்டு நின்றால் பிடுங்கி நாங்களே பிரித்துவிடுவோம். டிரைவர் வீட்டில் எல்லாம் அடக்கம். மரம் முந்தின நாள்தான். விளக்கு ஒரே நிறம். சாப்பிடும் முன் ஒரு நிமிடம் எல்லோரும் வாய்மூடி நிற்க வேண்டும். பாட்டு கிடையாது. இதெல்லாம் அந்தப் பெண்ணின் அம்மா கொண்டுவந்த பழக்கம். தங்கை ஒவ்வொன்றாகக் கேட்டு, கடை ரசீதின் பின்பக்கம் எழுதி வைத்துக்கொண்டு, பரீட்சைக்குப் படிக்கிறவள் போல மனப்பாடம் செய்தாள். பரிசை எப்படிப் பிரிப்பீர்கள் என்று மட்டும் கேட்கவில்லை. அதில் கேட்க என்ன இருக்கிறது என்று யாருக்குத்தான் தோன்றும்?

கிறிஸ்துமஸ் அன்று மத்தியானம் நாங்கள் ஐந்து பேர். சாப்பாடு முடிந்தது. சித்திக்காரி ஒன்றும் பொல்லாதவள் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். தட்டெடுத்தாள், கோழியை மெச்சினாள். ஆனால் அவள் கண் அந்தப் பெண்ணையும் என் தங்கையையும் மாறி மாறி அளந்துகொண்டே இருந்தது. டிரைவர் அடுப்படியில் கழுவிய தட்டையே மறுபடியும் கழுவிக்கொண்டிருந்தார். நான் போய், "தம்பி, தட்டுல இருக்கிற பூ எல்லாம் அழிஞ்சிடப் போகுது, வெளிய வாங்க" என்று இழுத்து வந்தேன்.

முதலில் சித்தி ஒரு பொட்டலம் கொடுத்தாள். அந்தப் பெண் "தேங்க்ஸ்" என்று வாங்கி, பிரிக்காமல் அலமாரி மேல் வைத்தாள். என்னுடையதையும் அப்படியே பக்கத்தில் வைத்தாள். எனக்குச் சுருக்கென்றது. சரி, பிரிக்கிற பழக்கமே இல்லாத வீடு போலிருக்கிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். அடுத்து அவள் அப்பா கொடுத்தார். கொடுத்த கை கீழே இறங்கும் முன்பே தாள் கிழிந்து தரையில் கிடந்தது. உள்ளே கலர் பென்சில் பெட்டி. அப்பாவைக் கட்டிக்கொண்டு குதித்தாள்.

தங்கைக்கு முகம் மலர்ந்துவிட்டது. தன் பொட்டலத்தை எடுத்து நீட்டினாள். அதற்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். கையகலப் பூதக்கண்ணாடி. அந்தப் பெண் எறும்புப் புற்றின் முன் மணிக்கணக்காகக் குந்தியிருப்பதைப் பார்த்துவிட்டு, கடை சாத்திய பிறகு மூன்று வாரம் உட்கார்ந்து தன் கையாலேயே தேய்த்த கண்ணாடி. பெண் அதை இரண்டு கையாலும் வாங்கினாள். "தேங்க்ஸ்" என்றாள். என்னுடையதற்கும் சித்தியுடையதற்கும் மேல் வைத்தாள்.

எனக்கு வாய் நீளம், ஊருக்கே தெரியும். "ஏண்டி, அப்பா குடுத்தா மட்டும் கிழிக்கத் தெரியுது, இவ குடுத்தா கை வலிக்குதா? மூணு வாரம் உக்காந்து செஞ்சிருக்கா. பிரிச்சுத்தான் பாரேன்! அப்படி என்ன திமிரு?"

பெண் சித்தியின் பக்கம் நகர்ந்தாள். "எங்கம்மா அப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்க" என்றாள்.

சித்தி அவளைத் தன்னோடு சேர்த்துக்கொண்டாள். "திமிரெல்லாம் இல்லீங்க. எங்க பக்கம் பழக்கம் இது. வீட்டு ஆளுங்க குடுத்தா அங்கேயே பிரிச்சிடுவோம். விருந்தாளி குடுத்தா, அவங்க கிளம்பிப் போன பிறகுதான் பிரிக்கணும். எங்க அக்கா இதுல ரொம்ப கண்டிப்பு."

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. அப்படியே வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. நான் சும்மா இருந்திருந்தால் இது ஒரு பழக்கமாகவே போயிருக்கும். இப்போது எட்டு மாதக் கணக்குக்கு எல்லோர் எதிரிலும் பதில் வந்துவிட்டது.

தங்கை அழவில்லை. மூக்கின் மேல் இருந்த கண்ணாடியைச் சரிசெய்தாள். நேராகத்தான் இருந்தது. பிறகு எழுந்தாள்.

"பரவாயில்ல. நான் கொஞ்சம் வெளிய போறேன். நீ பிரிச்சுக்கோ" என்றாள் அந்தப் பெண்ணிடம், சாதாரணமாக.

"பைத்தியமா உனக்கு? உன் வீட்டை விட்டு நீ எதுக்குடி போகணும்?" என்று கத்தினேன். அவள் கதவைச் சாத்திக்கொண்டு போயே விட்டாள்.

டிரைவர் நின்ற இடத்திலேயே நின்றார். "போய்க் கூப்பிடுங்க தம்பி!" என்றேன். "சரி" என்றார், கால் நகரவில்லை. சித்தி பெண்ணின் தலையைத் தடவி, "பிரி கண்ணு, அவங்கதான் சொல்லிட்டாங்களே" என்றாள்.

பெண் பிரிக்கவில்லை. கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேசை மேல் தங்கையின் போன் கிடந்தது.

"போனை எடுத்துட்டுப் போகல" என்றாள்.

"சும்மா கீழதான் போயிருப்பாங்க" என்றார் அப்பா.

"அம்மாவும் போனை வெச்சுட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனாங்க."

சொல்லிவிட்டு, அலமாரி மேலிருந்த தங்கையின் பொட்டலத்தை இழுத்தெடுத்துக்கொண்டு, செருப்புகூடப் போடாமல் ஓடினாள். வீடு மூன்றாவது மாடி. நாங்கள் பதறிப் பின்னால் ஓடினோம்.

தங்கை எங்கேயும் போயிருக்கவில்லை. எங்கே போவாள், பாவம்? ஒரு மாடி இறங்கி, படியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"பிரிக்கிறேன்! இதோ பிரிக்கிறேன், போகாதீங்க!" பெண் அழுதுகொண்டே பொட்டலத்தின் நூலை இழுத்தாள். அவசரத்தில் முடிச்சு இறுகியது.

மூன்று வாரமாக எதற்குக் காத்திருந்தாளோ அது நடக்கப் போகிற நேரத்தில், தங்கை தன் கையைப் பொட்டலத்தின் மேல் அழுத்தி வைத்தாள். "வேண்டாம். பயந்துகிட்டு எல்லாம் பிரிக்காதே."

"பிரிக்கலைன்னா போயிடுவீங்க."

"மாட்டேன்."

"நாளைக்கும் பிரிக்கலைன்னா?"

"நாளைக்கும் இங்கதான் இருப்பேன்."

"அடுத்த வருஷம்?"

"இருப்பேன். தூசி படிஞ்சா தொடச்சு வெப்பேன். நீ எப்ப தோணுதோ அப்ப பிரி. பிரிக்காமயே விட்டாலும் நான் போகமாட்டேன்."

பெண் மூக்கை உறிஞ்சினாள். மேல்படியில் நின்ற சித்தி மெல்லக் கேட்டாள். "கண்ணு, சித்திகூட வர்றியா? இல்ல, இங்க இருக்கியா?"

டிரைவர் கைப்பிடிக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார். தங்கை தலையைக் குனிந்துகொண்டாள். பெண் பொட்டலத்தைப் பார்த்தாள், அதன் மேல் இருந்த கையைப் பார்த்தாள், பிறகு நிமிர்ந்து சித்தியைப் பார்த்தாள்.

"நாளைக்கும் இங்கேயே இருந்தா அவங்க எப்படி சித்தி விருந்தாளி?" என்று கேட்டுவிட்டு, என் தங்கையின் கையை விலக்கி, தாளை ஒரே இழுப்பில் கிழித்தாள்.