ஜோதி மேரி சொன்னால் சரிதான்

ஜோதி மேரிக்குக் கிரிக்கெட் தெரியாது. பந்து போடுகிறவன் யார், அடிக்கிறவன் யார் என்று கேட்டால் முழிப்பாள். அவளிடம்தான் கடலூர், சிதம்பரம் பக்கம் பழைய கிரிக்கெட் கார்டு வைத்திருந்தவர்கள் எல்லாரும் 'இது அசலா' என்று கேட்டு வந்து நின்றார்கள். கார்டில் இருக்கும் ஆளை அவள் ஏறிட்டும் பார்க்க மாட்டாள். கட்டைவிரலால் நாலு ஓரத்தையும் தடவுவாள். "இது கலர் ஜெராக்ஸு." "இது அசலு, ஆனா மழுங்குன முனைய மறைக்க ஓரத்தச் சீவியிருக்காங்க." அவ்வளவுதான் தீர்ப்பு. செம்மண்டலத்து அச்சகம் ஒன்றில் பதினாறு வருஷம் கட்டிங் மெஷினில் நின்று கல்யாணப் பத்திரிகை வெட்டிய கையை ஏமாற்ற முடியுமா?

சேகரிப்பவர்களுக்கு ஓரம் சீவிய கார்டு ஆகாது. விலை அதலபாதாளத்துக்குப் போய்விடும். சிதம்பரத்தில் கார்டுகளை வாங்கி வெளியூர்க்காரர்களுக்கு விற்றுவந்த தட்சிணாமூர்த்தி, அவள் சரி என்றால்தான் பணத்தையே எடுப்பார்.

2010இல் அவள் வீட்டுக் கார்டையே விற்க வேண்டி வந்தது. மகள் ரேகாவுக்கு நர்சிங் சீட் கிடைத்திருந்தது. திங்கட்கிழமைக்குள் பணம் கட்ட வேண்டும். கணவர் மரியலூர்து சின்ன வயதில் பபிள்கத்தோடு இலவசமாக வந்த கார்டுகளைச் சேர்த்ததில் ஒன்று அபூர்வமானது. வலக்கை ஆட்டக்காரரை இடக்கையாகத் திருப்பி அச்சடித்துவிட்டு, கம்பெனி ஒரே வாரத்தில் நிறுத்திய கார்டு. சங்கடம் என்னவென்றால், அதன் ஓரத்தைச் சீவியவளே ஜோதி மேரிதான். 2004இல், கார்டு வியாபாரத்தில் ஆனா ஆவன்னா தெரியாத காலத்தில், புருஷன் ஆசையாக வைத்திருப்பது லட்சணமாக இருக்கட்டுமே என்று மயிரிழை அளவுக்கு வெட்டியிருந்தாள்.

"நீ வெட்டுனத எவன் கண்டுபுடிக்கப் போறான்? பேசாம இரு ஜோதி" என்று சிதம்பரம் பஸ்ஸில் வழி நெடுகச் சொல்லிக்கொண்டு வந்தார் மரியலூர்து.

தட்சிணாமூர்த்தி ஸ்கேல் வைத்துப் பார்த்தார். லென்ஸ் வைத்துப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு. பணக்கட்டை மேசைமேல் வைத்துவிட்டு, வழக்கம்போலக் கார்டை அவளிடம் நீட்டினார். "நீங்க ஒரு வார்த்த சொல்லிடுங்கம்மா."

அவள் கை நீட்டவில்லை. மகள் முகம் கண்ணுக்குள் வந்து நின்றது.

"ஓரம் சீவுனது சார். சீவுனதே நான்தான்."

மரியலூர்து தலையில் கைவைத்துக்கொண்டார். தட்சிணாமூர்த்தி லென்ஸோடு ஜன்னல் வெளிச்சத்துக்குப் போனார். நாலு ஓரத்தையும் மறுபடி பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"எனக்கு ஒண்ணும் தெரியலியேம்மா. நீங்க சொல்லலன்னா இன்னிக்கு மட்டுமில்ல, என்னிக்குமே எனக்குத் தெரிஞ்சிருக்காது."

"அதனாலதான் சார் சொன்னேன்."

கால் விலைக்குத்தான் கார்டு போனது. சீட்டும் போயிற்று. ரேகா ஒரு வருஷம் அச்சகத்தில் அம்மாவோடு நின்று பத்திரிகை அடுக்கிவிட்டு 2011இல்தான் நர்சிங் சேர்ந்தாள். அந்த ஒரு வருஷமும் மகளைப் பார்க்கும்போதெல்லாம் படிப்பு தள்ளிப்போயிற்றே என்று ஜோதி மேரி வருந்தினாள். சொன்னதற்காக மட்டும் அவள் ஒரு நாளும் வருத்தப்படவில்லை.