அந்த பஸ்ஸில் இருந்தவர்கள்

கண்ணாடிக் கடையின் மாடியில் லென்ஸ் தேய்க்கும் இயந்திரத்துக்கு முன்னால் அவள் உட்கார்ந்து பதினான்கு வருஷம் ஆகிறது. கீழே கண் பரிசோதித்து அனுப்பும் சீட்டைப் பார்த்து, வட்டமாய் வரும் லென்ஸை ஃபிரேமின் அளவுக்குத் தேய்த்துப் பொருத்திக் கொடுக்க வேண்டும். மயிரிழை கூடினால் உள்ளே போகாது. குறைந்தால், போட்டவர் குனியும்போது கழன்று விழும். வேலை அவ்வளவு சுத்தம், வாய்தான் கொஞ்சம் நீளம் என்பார் கடை முதலாளி.

அந்த வாய்க்குத் தீனி வெள்ளிக்கிழமைகளில் வந்தது. சூப்பர்ஹீரோ தொடர் ஒன்றின் புதுப் பகுதி அன்றுதான் வெளியாகும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் கைபேசியைத் தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்துப் பார்ப்பாள். காற்றைக் கிளப்பும் சூறை என்ற பெண், சத்தத்தை விழுங்கும் மௌனன் என்று அதில் ஒரு கூட்டமே உண்டு. பார்த்து முடித்த கையோடு ரசிகர் குழுவில் 'கண்ணாடி' என்ற பெயரில் எழுதுவாள். "மௌனன் கோழையாம்! சத்தம் போடாதவன் எல்லாம் கோழைன்னா, வீட்டுக்கு வீடு எத்தனை கோழைங்க!" என்று அவள் எழுதினால், அதற்கு நூறு பேர் மல்லுக்கு நிற்பார்கள். நாற்பது வயதில் இது தேவையா என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

இந்தக் கிறுக்கு அண்ணனிடமிருந்து வந்தது. சின்ன வயதில் இருவரும் தரையில் குப்புறப் படுத்து இப்படித்தான் ஏதாவது பார்ப்பார்கள். நாயகன் பஸ்ஸைத் தூக்கி அரக்கன்மேல் எறிவான். அவள் கைதட்டுவாள். அண்ணன் மட்டும், "அந்த பஸ்ல இருந்தவங்க இப்ப எப்படி வீட்டுக்குப் போவாங்க?" என்பான். அப்பா நாற்காலியில் உட்கார்ந்தபடி வயிறு குலுங்கச் சிரிப்பார்.

அந்த அப்பாவுக்கும் அவனுக்கும்தான் பின்னால் ஆகாமல் போனது. அவன் கட்டிக்கொள்ள நினைத்த பெண்ணை அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. ஒரு நாள் வார்த்தை தடித்து, "என் முகத்துலயே முழிக்காதே" என்றுவிட்டார். கோபத்தில் எல்லா அப்பாக்களும் சொல்வதுதான். அவன் அதை அப்படியே எடுத்துக்கொண்டான். இரண்டு வருஷம் ஏதேதோ எண்களிலிருந்து தங்கையை மட்டும் கூப்பிட்டான். பிறகு அதுவும் நின்றது. பதினோரு வருஷம் ஓடிவிட்டது. போன வருஷம் அப்பா நெஞ்சுவலியில் படுத்து மூன்றே வாரத்தில் போய்ச் சேர்ந்தார். கடைசிவரை, "போன் ஏதாவது வந்துச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். யாருடைய போன் என்று அவரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

இந்த நிலைமையில்தான் 'பழைய சட்டை' என்று ஒருவர் குழுவில் வந்து சேர்ந்தார். சூறை ஒரு பெரிய கட்டடத்தைக் காற்றில் தூக்கி எதிரிப் படையின் தலையில் போட்ட வாரம் அது. ஆளாளுக்குப் புகழ்ந்து தள்ளிக்கொண்டிருக்க, அவர் மட்டும் எழுதினார்: "எல்லாம் சரி. அந்தக் கட்டடத்துல வேலை பாத்தவங்க திங்கக்கிழமை எங்க போவாங்க?"

அவள் அதைப் பத்துத் தடவை படித்தாள். பிறகு, "உங்களுக்குக் கதை பாக்கத் தெரியலையா, இல்ல பாக்கவே பிடிக்கலையா?" என்று வேண்டுமென்றே சீண்டினாள்.

"பாக்கத் தெரியும். ஓரத்துல நிக்கிறவங்களையும் சேத்துப் பாப்பேன்" என்று பதில் வந்தது.

அவனேதான் என்று முடிவு கட்டிவிட்டாள். ஆனால் கேட்கவில்லை. கேட்டால் அப்பா போனதைச் சொல்ல வேண்டும். சொன்னால் இந்தச் சண்டை முடிந்துபோகும். அண்ணனோடு மல்லுக்கட்டி எத்தனை காலமாயிற்று! இன்னும் ஒரு வாரம், இன்னும் ஒரே ஒரு வாரம் என்று ஆறப்போட்டாள். மூன்று மாதம் போனது. அவளுடைய முகத்தில் வந்த தெளிவைப் பார்த்து, "என்னடி, தனியா சிரிக்கிற?" என்று அம்மாவே கேட்டாள்.

ஒரு வெள்ளிக்கிழமை, கதையில் சூறையின் அப்பா இறந்துபோனார். சூறை மலையுச்சியில் நின்று அழுதாள். குழுவே அவளோடு சேர்ந்து அழுதது. பழைய சட்டை எழுதினார்: "மலையில நின்னு அழுறா. வீட்டுக்கு ஏன் போகல?"

அவளால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. தனிச் செய்தியில் எழுதினாள்: "அண்ணா, நீ மட்டும் ஏன் வரல? அப்பா போயிட்டாருண்ணா. போன வருஷமே."

பதில் மறுநாள் காலையில் வந்தது. இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு கையால் திறந்து படித்தாள்.

"நான் உங்க அண்ணன் இல்லம்மா. நான் ஒரு பொம்பள. இருபத்தாறு வருஷமா பஸ் ஓட்டுறேன். உங்கள ஏமாத்தணும்னு எதுவும் எழுதல. அப்பாவுக்காக வருத்தப்படுறேன்."

கையிலிருந்த லென்ஸ் சக்கரத்தில் இழுபட்டு ஓரம் சிதறியது. அப்படி ஒன்று அவள் கையில் உடைந்து வருஷக்கணக்காகிறது. முதலாளி மேலே வந்து பார்த்தார். சிதறிய துண்டுகளைப் பொறுக்கிப் போட்டுவிட்டு, அவள் முன்னால் புது லென்ஸ் ஒன்றை வைத்துவிட்டு இறங்கிப் போனார்.

இரண்டு வாரம் அவள் குழுப் பக்கமே போகவில்லை. வெட்கம் ஒரு பங்கு என்றால் ஏக்கம் ஒன்பது பங்கு. முதல்முறை போனவனுக்காகவாவது ஊரறிய அழ முடிந்தது. இப்போது, வராமலே மறுபடி போனவனுக்காக யாரிடம் அழுவது?

மூன்றாம் வாரம் ஓட்டுநர் அம்மாள் மீண்டும் எழுதினாள்: "தப்பா நினைக்காதீங்க. என் கேள்வியைப் பாத்துத்தானே அண்ணன்னு நினைச்சீங்க? அந்த மாதிரி சீன் வந்தா நான் கேக்கறது சரி, ஆளுங்கள வீடு கொண்டுபோய்ச் சேக்கறது என் பொழப்பு. உங்க அண்ணன் எதுக்குக் கேட்டாரு?"

அதை அவளிடம் அதுவரை ஒருவரும் கேட்டதில்லை. எங்கே போனான், எப்போது வருவான் என்றுதான் கேட்பார்கள். அவன் எப்படிப்பட்டவன் என்று கேட்டவர் இல்லை. அன்று சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை. குப்புறப் படுத்துப் பார்த்ததில் ஆரம்பித்து, போன் வந்ததா என்று அப்பா கேட்டதுவரை எழுதினாள். "தெரியலம்மா. பஸ்ஸுல இருந்தவங்களும் அவனுக்குச் சொந்தக்காரங்கதானோ என்னவோ" என்று முடித்தாள்.

"அவரு குழுவுக்கு வந்தா எனக்கும் சொல்லுங்க. நாங்க ரெண்டு பேரும் ஒரே கட்சி" என்று அந்த அம்மாள் எழுதினாள்.

வந்தால்தானே! ஆனால் வரமாட்டான் என்றும் யார் சொன்னது? இந்தத் தொடரை அவன் எங்கோ உட்கார்ந்து பார்க்காமல் இருக்கமாட்டான். அப்படி வந்தால் 'கண்ணாடி' யாரென்று அவனுக்கு எப்படித் தெரியும்? அண்ணன் மட்டும் அவளைக் கூப்பிட்ட பெயர் ஒன்று உண்டு, ஓயாமல் கத்துவதற்காக வைத்தது. அடுத்த வெள்ளிக்கிழமை அதையே குழுவில் தன் பெயராக மாற்றிக்கொண்டு, மௌனனுக்காக ஒரு பக்கம் வாதாடி எழுதினாள்.

"கண்ணாடி அக்கா எங்க? யாருப்பா இந்தச் சில்வண்டு?" என்று கேட்டார்கள்.

"நான்தான்" என்று எழுதிவிட்டு, அவள் டப்பாவைத் திறந்தாள்.