நமுத்த குண்டுகள்

காய்ந்த மிளகாய் வத்தலின் நெடியும், தீபாவளித் துப்பாக்கியில் கேப்பு வெடித்த புகையும் ஒன்றாகச் சேர்ந்தால் ஒரு வாசனை வரும். மூக்கில் நுழையும்போது கொஞ்சம் இனிப்பாகக்கூட இருக்கும், தொண்டைக்குப் போவதற்குள் முள்ளாகிவிடும். அந்த வாசனை இன்றைக்கு எங்கிருந்து வந்தாலும், இந்த இடத்துக்கு வாசல் எந்தப் பக்கம் என்றுதான் என் கண் முதலில் தேடும்.

மதுரையில் கீழமாசி வீதிக்குப் பின்னால் நாங்கள் குடியிருந்த சந்தின் கடைசியில் ஒரு பழைய வத்தல் "கிட்டங்கி" இருந்தது. மாசி, பங்குனியில் முதுகுளத்தூர்ப் பக்கத்திலிருந்து வண்டி வண்டியாக மூட்டைகள் வந்து உத்திரம் முட்ட ஏறிவிடும். அத்தனையும் விற்றுத் தீர்ந்து, தீபாவளி நேரத்தில் கட்டடம் காலியாகக் கிடக்கும். அறைக்குள் அறை, அதற்குள் இன்னோர் அறை, ஓர் அறைக்கும் ஜன்னல் கிடையாது, சுவரின் உச்சியில் கையகல ஓட்டை மட்டும்தான். காவலுக்கு இருந்த மொக்கையன் என்ற பெரியவர், "இதுக்குள்ள நானே சில நாளு சுத்திட்டுத்தான் வெளிய வாரேன், நீங்க எம்புட்டு" என்று சொல்வாரே தவிர எங்களை விரட்டமாட்டார். பிள்ளைகள் சத்தம் போட்டுக்கொண்டிருந்தால் எலி அண்டாது என்பது அவர் கணக்கு. சம்பளம் இல்லாத பூனைகள் என்று எங்களைச் சொல்வார்.

பூனை என்பது எனக்குத் தனிப்பட்ட பட்டமும்கூட. பத்து, பதினோரு வயதில் எனக்கு "இழுப்பு" இருந்தது. மழைக்காலம் வந்தால் மூச்சு விடும்போது நெஞ்சுக்குள் பூனை உறுமுவதுபோல் கேட்கும். அதனால் தெருவில் யாருக்கும் என் பெயர் ஞாபகம் இல்லை. கிட்டங்கிப் பக்கம் போகவே கூடாது என்பது அம்மாவின் சட்டம். "மூச்சையே எண்ணி எண்ணி விடுற கழுதைக்கு வத்தக் கிட்டங்கியில என்னடி சோலி?" என்று கேட்பாள். கோபத்தில்கூட ரசிக்கும்படி பேசத் தெரிந்தவள் என் அம்மா. அவள் மத்தியானம் கண்ணயர்ந்ததும் நான் கிட்டங்கியில் இருப்பேன்.

இதற்கெல்லாம் மூலகாரணம் என் பெரியம்மா மகன் செல்வண்ணன். எண்பதுகளின் கடைசி அது. ஊரில் ஒன்றிரண்டாக முளைத்திருந்த கம்ப்யூட்டர் சென்டர் ஒன்றில் படித்துக்கொண்டே எடுபிடி வேலையும் பார்த்தவர். செருப்பைக் கழற்றிவிட்டுப் போகவேண்டிய அந்தக் குளிர் அறையில் அவர் பார்த்த ஒரு விளையாட்டைப் பற்றி எங்களிடம் வாய் ஓயாமல் சொல்வார். கறுப்புத் திரையில் புள்ளியும் கோடுமாக ஒரு பாதாளச் சிறை. நாம் ஒரு சின்னக் குறி. பேய் பிசாசெல்லாம் ஒவ்வோர் எழுத்து. தரையில் கிடக்கும் அம்புகளையும் மருந்துகளையும் பொறுக்கிக்கொண்டே போகவேண்டும், ஆனால் எடுத்தது நல்லதா கெட்டதா என்பது பயன்படுத்திப் பார்த்தால்தான் தெரியும். செத்தால் அத்தோடு சரி. மறுபடி முதலிலிருந்து தொடங்கினால் அறைகளே இடம் மாறியிருக்கும். "இன்னொரு உயிரு தருவாகன்னு நெனைக்காதீக" என்று முடிப்பார், என்னமோ அவரே செத்துச் செத்து வந்தவர் மாதிரி.

அதை நாங்களும் விளையாடவேண்டும் என்றதும், கிட்டங்கியைக் காட்டியவன் என் மாமா மகன் பாண்டி. அம்புக்கு எங்கே போவது என்று செல்வண்ணன் யோசித்தபோதும் அவன்தான் வழி சொன்னான்: "அம்பு யார்ட்டண்ணே இருக்கு? துப்பாக்கின்னா வீட்டுக்கு வீடு கெடக்கு." அப்படித்தான் அந்த விளையாட்டின் அம்பு எங்களிடம் வந்து "குண்டு" ஆனது.

சுருள் கேப்பைச் செல்வண்ணன் ஒவ்வொரு பொட்டாகக் கத்தரித்து, கொட்டாங்குச்சிகளுக்கு அடியில் வைத்து, அறை அறையாகத் தினமும் இடம் மாற்றி ஒளித்துவிடுவார். நாங்கள் வெறும் துப்பாக்கியோடு உள்ளே போய்ப் பொறுக்கவேண்டும். வேண்டுமென்றே நமுத்த பொட்டுகளையும் கலந்து வைப்பார். சுட்டுப் பார்க்கும்வரை எது வெடிக்கும், எது "டிக்" என்று ஏமாற்றும் என்று தெரியாது. ஓர் அறைக்குள் இருப்பவர், வெளியே ஆள் வரும் சத்தம் கேட்டு ஒரு குண்டு வெடித்துவிட்டால் வந்தவர் பின்வாங்கிப் போய்விட வேண்டும். வெடிக்கவில்லை என்றால் உள்ளே புகுந்து தொடலாம். தொடப்பட்டவர் செத்தவர், பொறுக்கியதையெல்லாம் தொட்டவரிடம் கொடுத்துவிட்டு வாசல் கேட்டடியில் மொக்கையன் பக்கத்தில் போய் உட்காரவேண்டும். சாகாதவர்கள் மட்டும் மிச்சக் குண்டுகளை மறுநாளைக்கு வைத்துக்கொள்ளலாம். ஒருநாள் பாண்டி பாம்பு பாம்பு என்று அலறி எல்லோரையும் வெளியே இழுத்து வரிசையாகத் தொட்டுவிட, அன்றிலிருந்து யார் என்ன கத்தினாலும் கணக்கில்லை என்றாகிவிட்டது. "வாயி பேசக்கூடாது, துப்பாக்கிதான் பேசணும்" என்பது செல்வண்ணன் தீர்ப்பு.

ஓட முடியாதவள் நான். ஆகையால் ஒளிவேன், சேர்ப்பேன். மற்றவர்கள் கிடைத்ததைப் பட் பட்டென்று சுட்டுத் தீர்த்துவிட்டுச் செத்துப்போவார்கள். எனக்கு ஒரு பொட்டைச் செலவழிக்கவும் மனசு வராது. எங்கள் வீட்டில் புதுத் தம்ளரைக்கூட விருந்தாளி வரட்டும் என்று பரணில் ஏற்றிவிடுவார்கள், அந்தக் குணம்தான். "இம்புட்டையும் சேத்து என்னடி செய்யப்போற பூனை, கல்யாணத்துக்குச் சீரா?" என்று பாண்டி கேட்பான். நான் கவுன் பையைத் தட்டிக் காட்டுவேன்.

மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு மத்தியானம், பை நிறையக் குண்டுகளோடு கடைசி அறைக்குப் போனேன். பழைய சாக்குகள் போட்டுவைத்திருக்கும் அறை, ஆகவே யாரும் விரும்பி வரமாட்டார்கள். பாண்டியின் காலடிச் சத்தம் பின்னால் கேட்டதால், எப்போதும் திறந்தே கிடக்கும் அந்தக் கனத்த பலகைக் கதவை முதுகு கொடுத்துத் தள்ளிச் சாத்தினேன். மழை ஈரத்தில் ஊதிப்போயிருந்த கதவு, நிலையில் போய் ஆப்பு அடித்த மாதிரி இறுகிக்கொண்டது. உள்பக்கமாக இழுத்தால்தான் திறக்கும், ஆனால் பிடிக்கிற வளையம் இருந்தது வெளிப்பக்கம். உள்ளே நகத்தை வைக்கவும் இடம் இல்லை.

முதலில் எனக்கு அது புரியவே இல்லை, நல்ல இடம் கிடைத்தது என்றுதான் நினைத்தேன். சாக்குகளுக்குப் பின்னால் பதுங்கலாம் என்று இரண்டை இழுத்துப் போட்டேன். எத்தனை வருஷத்து வத்தல் தூசியோ, குபீரென்று கிளம்பியது. கண் எரிந்து, தும்மித் தும்மி, கடைசித் தும்மலோடு நெஞ்சு அடைத்துக்கொண்டது. கதவைப் பிராண்டினேன், குத்தினேன். அந்தப் பலகைக்கு என் கை ஒரு பொருட்டே இல்லை. பாண்டியைக் கூப்பிட வாயைத் திறந்தால் குரலுக்குப் பதிலாக நெஞ்சுக்குள்ளிருந்து விசில் மாதிரி ஒரு சத்தம்தான் வந்தது. மூச்சை உள்ளே இழுக்கிறேன், பாதி வழியில் நின்றுவிடுகிறது. உச்சி ஓட்டையில் ஒரு துண்டு வானம் தெரிகிறது, அதில் மழை பெய்கிறது, அவ்வளவு காற்றும் அங்கே இருக்கிறது.

அப்போதுதான் பையில் இருந்த குண்டுகள் ஞாபகம் வந்தன. இருட்டில் தடவி ஒரு பொட்டை வைத்து விசையை அழுத்தினேன். அந்தச் சின்ன அறைக்குள் அது பீரங்கி மாதிரி வெடித்தது. கதவுக்கு வெளியே கால்கள் வந்து நின்றன. எனக்கு உயிர் வந்தது. அப்புறம் பாண்டியின் குரல் கேட்டது:

"பூனை குண்டோட இருக்குடா, யாரும் கிட்டப் போயிராதீக."

கால்கள் திரும்பிப் போய்விட்டன.

மறுபடி சுட்டேன். ஓடி வந்த சத்தம், சிரிப்பு, பிறகு விலகிப்போகிற சத்தம். இன்னொன்று சுட்டேன், இன்னும் தள்ளிப் போனார்கள். காப்பாற்றுங்கள் என்று நான் வெடித்தது அவர்கள் காதில் வராதே என்று விழுந்தது. நெஞ்சு அடைத்துக்கிடந்த பிள்ளைக்கு அதெல்லாம் அப்போது எங்கே தெரிகிறது? சத்தம் போதவில்லை என்று நினைத்து, இத்தனை நாள் செலவழிக்க மனசு வராமல் சேர்த்ததையெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வெடித்தேன். ஒவ்வொரு வெடிக்கும் கொஞ்சம் புகை. அந்தப் புகையும் போக வழியில்லாமல் என்னோடேயே அடைபட்டுக் கிடந்தது. ஒரு குண்டுக்கு ஒரு மூச்சு விலையாகப் போய்க்கொண்டிருந்தது. சேர்த்தது கொஞ்சமா நஞ்சமா? பாண்டி போல ஊதாரியாக இருந்திருந்தால் எப்போதோ தீர்ந்திருக்கும்.

கடைசியாகக் கையில் அகப்பட்டவை நமுத்தவை. வைத்து அழுத்தினேன், டிக். இன்னொன்று, டிக். துப்பாக்கியைத் தூக்கவும் தெம்பில்லாமல் கதவின் ஓரமாகச் சாய்ந்தேன். அம்மா எழுந்திருப்பாளா, என்னைத் தேடுவாளா என்று ஒரு நினைப்பு வந்தது. அதற்குப் பிறகு ஒரே அமைதி.

அந்த அமைதிக்குத்தான் அவர்கள் வந்தார்கள். கதவில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்த பாண்டி, தீர்ந்துபோச்சுடா என்று குதித்திருக்கிறான். உள்ளே தாழ்ப்பாளா போட்டிருக்கிறாள் என்று திட்டிக்கொண்டே நாலைந்து பேர் சேர்ந்து தோள் கொடுத்து முட்டியதில் கதவு பிளிறிக்கொண்டு திறந்தது. பாண்டி துப்பாக்கியை நீட்டியபடி முதல் ஆளாகப் பாய்ந்து என் தோளைத் தொட்டான்.

"தொட்டாச்சு. நீ செத்துட்ட பூனை."

சொன்னவன் என் உதட்டைப் பார்த்தான். அது நீலமாக இருந்ததாம். அவன் கையில் இருந்த துப்பாக்கி கீழே விழுந்தது. "செல்வண்ணே, சீக்கிரம் வாங்க, பூனை நெசமாவே..." என்று கத்திக்கொண்டே வாசலுக்கு ஓடினான்.

மொக்கையன்தான் என்னைத் தோளில் போட்டுக்கொண்டு மழையில் ஓடினார். ஓடும்போது, "மூச்ச விடு தாயி, மூச்ச விடு, காசா பணமா" என்று சொல்லிக்கொண்டே போனது எனக்குக் கனவு மாதிரி நினைவிருக்கிறது. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, மூக்கில் குழாய் வைத்து, பொழுது சாய்கிற நேரத்துக்கு நெஞ்சுப் பூனை மெல்ல உறுமத் தொடங்கியது. அந்த உறுமலைக் கேட்டு அம்மா அழுததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

கிட்டங்கி எங்களுக்கு மூடப்பட்டது. நான் வீட்டுக்கு வந்த பிறகு பாண்டி ஒரு தட்டோடு வந்து நின்றான். என் கவுன் பையில் மிச்சமிருந்த நமுத்த பொட்டுகளை வெயிலில் காயவைத்து எடுத்துவந்திருந்தான். செத்தவள் குண்டு தொட்டவனுக்குத்தானே என்று கேட்டேன். அவன் என் முகத்தைப் பார்க்காமல், "நீதான் சாகலையே" என்று சொல்லித் தட்டைக் கட்டிலில் வைத்துவிட்டுப் போய்விட்டான்.

கிட்டங்கியை இடித்து வண்டி நிறுத்துமிடமாக்கி வெகுகாலம் ஆகிறது. மொக்கையன் இல்லை. செல்வண்ணன் பார்த்த அந்தக் கறுப்புத் திரை விளையாட்டின் பேரப்பிள்ளைகள் இப்போது என் மகனின் போனுக்குள் இருக்கின்றன. அவனும் குண்டுகளைச் செலவழிக்காமல் சேர்த்து வைத்துக்கொண்டே செத்துப்போவதைப் பார்த்து, ரத்தம் பொய் சொல்லாது போலிருக்கிறது என்று எனக்குள் சிரித்துக்கொள்வேன். மாட்டுத்தாவணிப் பக்கம் நான் நடத்தும் பேன்சிக் கடையில் ஐப்பசி பிறந்தால் சுருள் கேப்பும் தகரத் துப்பாக்கியும் இன்னும் தொங்கும். வாங்கிய பிள்ளைகள் கடைவாசலிலேயே வெடித்துப் பார்ப்பார்கள். பக்கத்துக் கடைக்காரர்கள் ஒவ்வொரு சத்தத்துக்கும் எட்டிப் பார்த்து அதட்டுவார்கள். நான் கல்லாவை விட்டு அசையமாட்டேன். சத்தம் சட்டென்று நின்றுபோனால்தான் எழுந்து போய்ப் பார்ப்பேன்.